ஜாகா

மெழுகில் உறைந்த மூளையை
ஐந்து மைக்ரான் கனத்துக்குச் சீவினால்
ரிப்பன் போலச் சுருண்டு வரும்.
வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு
சுருக்கம் விரிந்ததும்
கண்ணாடித் தகட்டால் அள்ள வேண்டும்,
மூச்சை அடக்கிக்கொண்டு.
செராஸில் பதினேழு வருஷமாக
எனக்கு இதுதான் சோறு.

பெயர் வராது, எண்தான் வரும்.
அந்த எண்ணையும் டாக்டர் ஹஸ்லினா
நீல ஸ்டிக்கரால் மூடித் தருவார்.
நோயை ஊகிக்காதே, எண்ணிச் சொல், போதும்.

ஊகிக்காமல் இருக்க முடியுமா?
டௌ சாயத்தில் நூல்சிக்கல் தெரிந்தால்
பிள்ளைகளின் பெயரை மறந்தவர்.
சினுக்ளீன் உருண்டை என்றால்
சட்டைப் பொத்தானோடு போராடியவர்.
தண்டுவடத்து அணுக்களில் வேறொன்று திரண்டிருந்தால்
கடைசி மாதங்களில் இமையால் மட்டும் பேசியவர்.
மடிப்பு தப்பிய ஒரு புரதம்
பக்கத்தில் இருப்பதற்கும் அதையே பழக்குகிறது,
டோபிக் கடையில் புதுப் பையன்
முதல் சட்டையைத் தப்பாய் மடிக்க
அடுக்கு முழுக்க அப்படியே போவது மாதிரி.
சட்டைகள்தான் வேறு வேறு.

போன வாரம் இன்னொரு சாயம்.
நரம்பணுக்களுக்கு இல்லை,
அவற்றுக்குக் காவல் நிற்கும் பொடி அணுக்களுக்கு.
மைக்ரோகிளியா என்று ரிப்போர்ட்டில் எழுதுவேன்.
மனசுக்குள் ஜாகா.
நல்ல மூளையில் அது
மெல்லிய கைகளை நீட்டி நீட்டி
சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்குமாம்.
இந்தத் தகடுகளிலோ
கைகளை உள்ளிழுத்துக்கொண்டு
தே-ஓ நிறத்தில் உப்பிக் கிடந்தது.
குப்பையைத் தின்னத் தொடங்கியது
குப்பை தீர்ந்தும் நிறுத்தவில்லை,
அணுவுக்கும் அணுவுக்குமான இணைப்பைத் தின்கிறது.
ஆபத்து ஆபத்து என்று ரசாயனத்தில் கத்தி
அடுத்த ஜாகாவையும் எழுப்பிவிடுகிறது.

எண்ணி முடித்து, சும்மா,
ஒவ்வொன்றுக்கும் நோயின் பெயரைப் பென்சிலில் எழுதினேன்.
ஸ்டிக்கரை உரித்தோம்.
ஒன்பதில் ஆறு தப்பு.
பதினேழு வருஷம்!
ஹஸ்லினா சிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டம்,
எதிர் கட்டடத்தைக் காணோம்.
எந்தத் தோட்டத்தில் முதலில் பற்றியது என்று
புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.
இந்த ஒரு தீயை அடக்க வழி கிடைத்தால்
மூன்று வீடும் தப்பலாம் என்றார்.
'கிடைத்தால்' என்பதை அழுத்திச் சொன்னார்.

சொல்லவில்லையே,
என் வீட்டுக்காரர் மாணிக்கவேலு
அம்பாங்கில் இருபத்திரண்டு வருஷம் ஜாகா.
முதல் கிளினிக்கில் ஒரு பெயர் சொன்னார்கள்,
அடுத்ததில் வேறொன்று.
பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டையும் எழுதி
நடுவில் ஒரு கோடு போட்டார்கள்.

ஜூன் மாதம், ராத்திரி இரண்டு மணி.
உணவு டெலிவரி முடித்து வந்த ஜீவேந்திரனைக்
குடையால் அடித்துவிட்டார். ஐந்து தையல்.
வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்,
ஆள் யாரென்றுதான் தெரியவில்லை.

தையல் பிரித்த அன்று
மகன் செந்தூலில் நீள நோட்டு ஒன்று வாங்கி
கோடு கிழித்தான்:
நேரம், பெயர், யூனிட், வந்த காரியம்.
தினமும் ஹெல்மெட்டைக் கழற்றி
வாசலில் நின்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறான்.
காரியம்: தூக்கம்.
நேற்று மட்டும்: மீகோரெங், உங்களுக்கு.
இவர் விரல் வைத்து வரிவரியாய்ப் படித்து
கையைத் தடுப்புக்கட்டை போல உயர்த்துவார்.
போகலாம்.

இன்று நானும் தாமதம்.
விரலில் இன்னும் சைலீன் வாடை.
முகத்தில் டார்ச் அடித்து, ஐசி கேட்டு,
நோட்டை நீட்டினார்.
நேரம் எழுதினேன். பெயர் எழுதினேன்.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ,
டார்ச்சைத் தாழ்த்தி
பக்கத்தின் மேல் பிடித்துக்கொண்டார்.
வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.
அதிலேயே எழுதினேன்.