நமுத்துப் போகும் முன்

ராஷ்த் நகரத்து மழைக்கு விடுப்பு கிடையாது.
எங்களுக்கு உண்டு, வெள்ளிக்கிழமை.
அன்று வியாழன், பாதி நாள்.
மூன்றாம் மாடிப் பதிவகம்.
கல்யாணம் என்றால் இடப்பக்கக் கதவு,
இன்னொன்றுக்கு என் மேசை.

லிஃப்ட் ஆறு மாதமாகப் பழுது.
இரண்டாவது சாட்சி வரவில்லை.
ஸர்ஜூப் ஆற்றுப் பாலத்தில் டாக்ஸி நகரவில்லை என்று
மூன்று முறை போன் செய்துவிட்டார்.

இரண்டு நாற்காலி, நடுவில் காலியாய் ஒன்று.
சூதாபே காலையிலிருந்து சாப்பிடவில்லை.
அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.
கியூமர்ஸ் எழுந்துபோய்
மூன்று மாடி இறங்கி
மூன்று மாடி ஏறி
மூச்சு வாங்க வந்து
நடு நாற்காலியில் வைத்தான்
ஒரு பொட்டலம் பொஃபக்.

சோள மாவைச் சூட்டில் ஊதவைத்து
சீஸ் தூளில் புரட்டியெடுத்த காற்று.
கால் பங்கு தீனி, முக்கால் பங்கு வெறுமை.
இந்த நாட்டில் பல் முளைத்த எவரும்
அதை வேண்டாமென்று நான் பார்த்ததில்லை.

அவளும் சொல்லவில்லை.
ஓரத்தைப் பல்லால் கிழித்தாள்.
அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்,
பன்னிரண்டு வருடமாகச் சொல்லியிருப்பான்,
கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறதென்று.
இன்று மூடிக்கொண்டான்.

முறை வைத்து எடுத்தார்கள்.
அவள் கை வெளியே வந்த பிறகே
அவன் கை உள்ளே.
மொறுக்.
மழை.
மொறுக்.
வக்கீல் இல்லாமல் இரண்டு பேர்
இவ்வளவு ஒழுங்காக எதையும் பங்கிட்டு
இந்த அறையில் நான் கண்டதில்லை.

எங்கள் ஊர்க் காற்றில்
பிரித்த பொட்டலத்துக்குக் கால் மணி நேரம்தான் ஆயுள்.
பிறகு நமுத்துவிடும்,
கடித்தால் சத்தம் வராது,
ஈரப் பஞ்சாய்ப் பல்லில் ஒட்டும்.
மொறுக் மெல்ல மெல்லத் தேய்வதை
தட்டச்சு செய்தபடி கேட்டேன்.

"முடிச்சிடு."
"நீயே முடி."

சாட்சி வந்தார், குடையும் கையுமாக, சொட்டச் சொட்ட.
பதிவாளர் ஓத வேண்டியதை ஓதினார்.
நான் தாளை நீட்டினேன்.
மைப்பெட்டியைத் திறக்கும் முன்பே
"இங்கேயா?" என்று கேட்டபடி
அவள் விரலை வைத்துவிட்டாள்.

ஆரஞ்சு.
வலது ஆட்காட்டி விரல், சுழி சுழியாக.
நீல மைகூட இத்தனை தெளிவாய் விழாது.
பதிவாளர் தலையில் கை வைத்தார்.
அவள் சிரித்தாள், முதலில் மூக்கால்,
பிறகு அடக்கமாட்டாமல்.
அவனும்.
சாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை.

சிரித்தால் மட்டும் ஆயிற்றா.
டிஷ்யூ கொடுத்தேன். துடைத்தார்கள்.
புதுத் தாள் அச்சடித்தேன்.
நீலத்தில் மறுபடி வைத்தார்கள்,
அவள், அவன், சாட்சிகள்.
ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்தது.
படியிறங்கும் சத்தம்
ஒன்றாகவா, தனித்தனியாகவா,
காதைக் கொடுத்துக் கேட்டேன்.
மழையில் தெரியவில்லை.

நடு நாற்காலியில் பொட்டலம்.
உள்ளே ஏழு.
பெருக்க வருபவள் எடுக்கும் முன்
கோட்டை மாட்டிக்கொண்டு நின்றவாக்கில்
ஏழையும் நானே தின்றேன்,
சத்தமில்லாமல்.

கெட்டுப்போன தாளைக் கிழித்துவிட வேண்டும், அதுதான் விதி.
இழுப்பறையில் வைத்தேன்.

சனிக்கிழமை திறந்தால்
எறும்பு.
பெயர்களை விட்டுவிட்டு,
முத்திரையை விட்டுவிட்டு,
அந்த ஒரு விரலைச் சுற்றி மட்டும்
கூட்டம் கூடி
ரேகை ரேகையாய்
எடுத்துப் போய்க்கொண்டிருந்தன.