பன்னாடை

'பன்னாடை, கண்ணை எங்க வெச்சிருக்கறே?'
முப்பது பேர் காதுபட
கனகராசு அண்ணன் என்னைக் கேட்டார்.
அக்குளில் ஓட்டையோடு ஒரு பனியன்
பெட்டி ஏறிவிட்டிருந்தது.

அங்கேரிபாளையம் ரோட்டுக் கம்பெனி.
பக்கத்து மேசையில் பிரமோத்,
ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாதம்.
'அது என்ன டிரஸ் அக்கா? நைட்டியா?'
ஆடை என்று முடிகிறதே,
திருப்பூரில் வேறென்ன நினைப்பான்.

இல்ல கண்ணு.
பனைமட்டை அடியில வலையாட்ட இருக்கும்.
கள்ளு வடிகட்டறது அதுலதான்.
கள்ளைக் கீழ விட்டுட்டு
செத்த ஈ, எறும்பு, மண்டி
எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கும்.
காஞ்சா அடுப்புப் பத்தவெக்கலாம்.
வேற ஒண்ணுக்கும் ஆகாது.

'எங்க ஊர்லயும் பனை இருக்கு' என்றான்.
'அதை வெச்சு யாரையும் திட்டறதில்ல.'

பேசிக்கொண்டே
எண்ணெய்க் கறைக்கு அம்பு ஒட்டி
ஒரு பனியனை ஒதுக்கினான்.
நல்லதொன்றை விட்டான்.
இன்னொன்றில் தையல் பிரிந்திருந்தது,
அதை வைத்துக்கொண்டான்.
கை அப்படியே நின்றது.
'அக்கா, அப்போ செக்கிங்னா…'

டீ புரையேறி
என் மூக்கு வழியாக வந்தது.
கனகராசு அண்ணன் முறைத்தார்.
அவர் செக்கிங்குக்கே சூப்பர்வைசர்.

ஆறு தீபாவளி போய்விட்டது.
பிரமோத் இப்போது எங்கே என்று தெரியாது.
மகளுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி
அதே அண்ணன்தான் தன் வண்டியில்
பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.
வார்டு வாசலில் நின்று
என்னிடம் என்னவோ சொன்னார்,
ஆறுதலாகத்தான்.

யோசித்துப் பார்க்கிறேன்.
ஒரு சொல்லும் தங்கவில்லை.