மாலு

காலை ஏழே முக்காலுக்கு
முப்பத்தேழாம் ஒழுங்கைக்குள்
லயனலின் சைக்கிள் மணி.
பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் சாளையும் கும்பளாவும்.
கேற்றுக் கம்பிகளுக்கிடையே முகத்தை அழுத்தி
என் மகள் கூவுகிறாள்:
மாலு! மாலு!

அம்மா என்பதற்கும் முதல் அவள் சொன்ன சொல் அது.
அவளுக்கு அது சாப்பாட்டின் பெயர் அல்ல,
கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிற
யாரோ ஒருவரின் பெயர்.
கையை ஆட்டி டாட்டா காட்டிவிட்டுக்
குரக்கன் கஞ்சிக்கு வருவாள்.

ஒருநாள் லயனல் சின்னச் சாளையொன்றைத்
தாளில் சுற்றி நீட்டினான்.
பபாவுக்கு, காசு வேண்டாம், மூளைக்கு நல்லது.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "எப்பா" என்றேன்.
அது நான் நினைத்ததைவிடக்
கடினமாகப் போய் அவனில் விழுந்தது.

கிளினிக்கில் குமுதினி மிஸ் கேட்டா:
சைவமோ?
சைவம்தான், ஆனால் பாலும் இல்லை.
அதென்ன சைவம், பாலில்லாத சைவம்?
என்னிடம் அதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லை.
வீகன் என்றேன். ஒரு மருந்தின் பெயர்போல
அதை எழுத்துக்கூட்டி எழுதினா.
ரோஸ் நிறக் கொப்பியில் புள்ளி
பச்சைக்கும் இளம் பச்சைக்கும் நடுவே
எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நின்றது.
திட்டவில்லை. பி பன்ரெண்டு விடாமல் குடுங்கோ,
அடுத்த மாதம் நிறுப்பம், என்றா.
திட்டியிருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

அன்றிரவு முழுக்க நான் கணக்குப் பார்த்தேன்.
பயறு ஒரு பிடி, சோயா அரைப் பிடி,
முருங்கையிலை, அதன்மேல் தேசிக்காய் இரண்டு துளி
(இரும்பு உடம்பில் ஒட்டவேணுமாம்),
எள்ளு, கச்சான், கட்டித் தேங்காய்ப்பால்.
அவளோ பத்து மணிக்கு எழும்பி
ஒரு கரட் துண்டைச் சப்பித்
தலையணையில் துப்பிவிட்டுப் படுத்தாள்.

ஏன் என்று கேட்கிறார்கள்.
மேல்வீட்டு ரிஸ்னா கேட்கிறா,
வட்டிலப்பக் கிண்ணத்தை நீட்டியபடியே.
கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று
கடலைச் சுண்டல் நிரப்பிக் கொடுக்கிறேன்,
காரணத்தைக் கொடுக்கவில்லை.

காரணம் சின்னது.
லீவு முடிந்து வேலைக்குப் போன முதற் கிழமை,
கோட்டையில், பன்னிரண்டாம் மாடியில்,
பால் கட்டிக் கல்லாகி
கழுவுதொட்டிக்குள் பீச்சிக்கொண்டு நின்றேன்.
யாருக்கோ ஆன பால் குழாய்க்குள் இறங்கியது.
பக்கத்து மேசையில்
தேத்தண்ணிக்குக் கிடந்த பால்மாப் பெட்டியில்
பசுவொன்று சிரித்தது.
அதற்குப் பிறகு அதன் முகத்தை
என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.
இதை ஒரு கிண்ணத்தில் வைத்து
யாரிடம் நீட்டுவது?

பிரதீபன் என்னோடு சண்டை பிடிக்கவில்லை.
பிள்ளையின் கோப்பை உன்னுடையது என்றான்.
வெளியில் சாப்பிட்டுவிட்டு
பெருஞ்சீரகம் மென்றபடி வருவான்,
சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கைகழுவுவான்.
எனக்குத் தெரியும் என்பது
அவனுக்கும் தெரியும்.

அடுத்த மாதம் முந்நூறு கிராம் கூட.
புள்ளி பச்சைக்குள் ஏறி உட்கார்ந்தது.
குமுதினி மிஸ் பேனையைத் தட்டி,
அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லுங்கோ என்றா.

அந்தச் சந்தோசத்தில் அன்றிரவு
பிரதீபன் அவளைத் தூக்கிச் சுழற்றினான்.
அவள் அவனுடைய வலக்கையைப் பிடித்து
விரல்களை மூக்கடியில் வைத்து முகர்ந்தாள்,
முகம் மலர்ந்தாள்:
மாலு!

நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
மின்விசிறி மட்டும் சத்தமாய்ச் சுற்றியது.
அவள் தன் உள்ளங்கையை விரித்து,
அவனுடைய ஐந்து விரல்களுக்கும்
டாட்டா காட்டினாள்.