தேறல்

உலர்ந்த வெள்ளை வைன் என்கிறது சீசா.
சாய்த்தால் ஓடுகிறது.
கோப்பையின் வெளிப்புறம் குப்பென்று வேர்க்கிறது.
இதில் எது உலர்ந்தது?
இனிப்பு மிச்சமில்லை என்று பொருளாம்.
சர்க்கரை முழுதையும் நொதி தின்று தீர்த்து
தட்டையும் நக்கிவிட்டுப் போயிருக்கிறதாம்.

வேறு சொல் கிடைக்குமா என்று அகராதியைப் புரட்டினேன்.
தேறல் என்று இருந்தது: தெளிந்த மது.
பக்கத்திலேயே தேறுதல்,
தேர்வில், துக்கத்தில், காய்ச்சலில்.
மூடி வைத்தேன்.
வியாழக்கிழமை கேப் டவுனில் எனக்குத் தேர்வு,
இரண்டாம் தடவை.

போன தடவை, மூன்றாவது கோப்பையில்
மாங்காய்க் காம்பை முறித்ததும் கசியுமே,
அந்தப் பால் மணத்தது. அப்படியே எழுதினேன்.
அவர்கள் பட்டியலில் அது இல்லை.
பேரிக்காய் இருந்தது, வெட்டிய புல் இருந்தது,
ஈரக் கல்கூட இருந்தது.
கல்லை நக்கியவர்களுக்கு மதிப்பெண்.

இன்றிரவு மியர்பேங்கில் நல்ல காற்று.
எண்ணெய் ஆலையின் நாற்றம் கடல் பக்கம் போய்விட்டது.
ஜன்னலைத் திறந்து மேசையில் பரப்பினேன்:
ஆட்டுப்பால் சீஸ்,
சம்பளத்தில் ஓட்டை போட்ட நாலு சிப்பி,
நேற்றைய ஆட்டுக்கறி.

கறியின் மிளகாய்க்கு முன்னால் செனின் பிளாங்க்
அடுத்த வீட்டுச் சண்டையில் அகப்பட்டவன் மாதிரி விழித்தது,
பிறகு அதுவும் சேர்ந்து எரிந்தது.
சீஸ் பரவாயில்லை.
சிப்பி சரிதான். புத்தகம் சொன்னபடியே சரி.
அதனாலோ என்னவோ
ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் ஜெய்சீலன் வந்தான்,
முழங்கால் வரை மணல், கையில் வாளி.
ஸ்காட்பர்க்கில் மத்தி கரையேறிவிட்டதாம்.
மூன்று வலை, நாற்பது பேர், ஒரே கூச்சல்.
பாவாடையில் அள்ளுகிறார்கள், தொப்பியில் அள்ளுகிறார்கள்,
ஒருத்தன் செருப்பில்.
கிட்டே வராதே, மணம் கெடும் என்றேன்.
வாளியே வீட்டுக்குள் வந்துவிட்டது,
இனி என்ன கெட இருக்கிறது என்றான்.

மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் கொஞ்சமாக,
சோளமாவில் ஒரு புரட்டு.
முள்ளோடு மென்றேன்.
மேலே ஒரு மடக்கு.

மழை பெய்து முடித்த தார் ரோடு மாதிரி
நாக்கு.
எலுமிச்சம்பழத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்,
அது ஏற்கெனவே கோப்பைக்குள் இருந்தது.
இரண்டாவது மீனும் முதல் மீனாகவே இருந்தது,
ஆறாவதும்.

பீரைத் தவிர வேறு தொடாதவன்
கோப்பையைத் தண்டில் பிடிக்காமல் வயிற்றில் பிடித்து
ஒரு வாய் குடித்தான். யோசித்தான்.
படகு கவிழ்ந்து மேலே வரும்போது
மூக்குக்குள் இருக்குமே, அது என்றான்.
இன்னொரு மத்தியை எடுத்தான்.

உவர்ப்பு, நடுத்தரம் என்று எழுதினால்
தேறிவிடலாம்.
பேனாவைத் திறந்து
முதல் கேள்விக்கே திரும்பினேன்:
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தெளிவைக் குறிப்பிடுக.

பிடித்தேன்.
கோப்பை முழுக்க எண்ணெய்,
நடுவில் அவன் கட்டைவிரல்.