ஒன்பதாம் நாள்

சங்ககிரிக்கு மேற்கே எங்க மேட்டுக்காட்டில்
பாதி வெங்கச்சாங்கல், மீதி செம்மண்.
கடன் வாங்கினவன் கடைவீதியைக் கடப்பது போல
விட்ட தண்ணி
நிற்காமல் போய்விடும்.

சூளைக்குப் போன சாம்பல் லாரி
இட்டேரியில் அச்சு முறிந்து சாய்ந்தது.
பாரம் குறைந்தால்தான் தூக்க முடியும்.
"சும்மாவே எடுத்துக்கங்க அக்கா,
மூக்கை மட்டும் கட்டிக்கங்க"
என்றான் டிரைவர் நாச்சிமுத்து.

ரெண்டு வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன்.
ஒன்றில் எங்க மண்.
மற்றதில் அதே மண், பத்துப் படிக்கு ஒரு படி சாம்பல்.
ஆளுக்கு ரெண்டு சொம்பு.
சொம்பைக் கீழே வைப்பதற்குள்
முதல் வாளி ஒழுகத் தொடங்கியது.
மற்றது யோசித்தது.
பால்காரர் வந்து போனார்.
கரண்ட் போய் வந்தது.
அப்புறம்தான் ஒரு சொட்டு,
அதுவும் மனசில்லாமல்.

மண் பரிசோதனை ஆபீசில் அந்தப் பொண்ணு
லென்ஸ் வழியே காட்டினாள்:
கண்ணாடிப் பாசிமணி,
கடுகை ஆயிரமாய் உடைத்தாலும் இத்தனை சிறிசு வராது.
"நெருக்கி உட்காருதுங்க.
அந்தச் சந்துல தண்ணி மாட்டிக்குது."
பிறகு சேரைத் திருப்பிக்கொண்டு,
"போரான் இருக்கும், வேற உலோகமும் இருக்கும்.
அளவு மீறாதீங்க.
வருசா வருசம் மண்ணைக் கொண்டாங்க."
மாட்டு லோன் பாஸ்புக்கின் பின்னட்டையில்
எழுதிக்கொண்டேன்.

கடலைக்காட்டில் நாலு பாத்திக்குப் போட்டேன்,
நாலு பாத்திக்குப் போடவில்லை.
மடையை அடைத்த ஒன்பதாம் நாள்
விரலை விட்டுப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் சுட்டது.
இந்தப் பக்கம்
ரெண்டாம் கணு வரைக்கும் ஜில்லென்று இருந்தது.
எரிந்து முடிந்த ஒன்றுக்குள்
இப்படியொரு குளிர்ச்சி.

அன்று ராத்திரி தங்கச்சி துளசிமணி போன் பண்ணினாள்,
அனல்மின் நிலையத்துச் சிம்னியின்
நிழல் விழும் வீட்டிலிருந்து.
காயப்போட்ட துணியெல்லாம் சாம்பலாம்.
தயிர்ச்சட்டி மூடியில் சாம்பலாம்.
சின்னவனுக்கு இந்த மாசமும் இருமல் விடவில்லையாம்.
"உனக்கென்னக்கா, நல்ல காத்து.
கடலை எப்படி இருக்குது?"

ஈரம் நிக்குது என்றேன்.

எதனால் என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க்
கையைத் தேய்த்துக் கழுவினேன்.
நகக்கண்ணில் இருந்தது மட்டும்
தண்ணியைக் குடித்துவிட்டு
அங்கேயே இருந்தது.