இரண்டு தம்ளர்

இருபதாம் வாரம் வாழைப்பழ நீளம் என்றது செல்போன்.
தமீம் கடைக்குப் போய்
ஒரே ஒரு பழத்தை எடைபோட்டு வாங்கி வந்தார்.
என் வயிற்றின் மேல் கிடத்திப் பார்த்தோம்,
பிறகு பாதிப் பாதி தின்றோம்.
இருபத்திரண்டில் பப்பாளி.
இருபத்தைந்தில் காலிஃபிளவர், அதைக் குருமா வைத்தேன்.
அளவுகளை எல்லாம் தின்று தீர்த்துத்தான்
ருமைஸாவை வளர்த்தோம்.

காது திறக்கும் மாதத்தில் அவர் ரிக்கில் இருந்தார்.
கடலுக்குள் இருபத்தெட்டு நாள்,
கரையில் பதினான்கு.
பேச ஆளில்லாத ஷார்ஜா வீட்டில்
அவள் கேட்ட முதல் குரல்
ஜன்னல் ஏசியுடையது.

பிறந்த பிறகுதான் தெரிந்தது.
என் தாலாட்டுக்கு மசியாதவள்
கம்ப்ரஸர் உறுமினால் கண்ணயர்ந்தாள்.
ஏசி கழுவ வந்த பெஷாவர்க்காரர்
சுவிட்சை அணைத்ததும் வீரிட்டாள்.
மனிதர் பயந்துபோய்,
ஈரக் கையோடு குனிந்து,
ம்ம்ம்ம்ம் என்று
ஏசியைப்போலவே முனகிக் காட்டினார்.
நின்றது அழுகை.

எட்டாம் மாதம்
துணிக்குள் ஒளித்த கிலுகிலுப்பையைத்
தேடி இழுத்தாள்.
அதுவரை
கண்ணில் படாதது உலகத்திலேயே இல்லை அவளுக்கு.
அவர் பையைத் தூக்கிக் கிளம்பிய நாள்களில்
சிரித்துக்கொண்டே இருந்தாள்.
அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.
இந்த முறை
மூடிய கதவின் அடி இடுக்கில் விரல் நுழைத்துக்
கத்தினாள்.
லிஃப்ட் வரும்வரை வெளியே நின்று கேட்டாராம்.
‘அறிவு வந்துவிட்டது பிள்ளைக்கு’ என்று
துறைமுகம் போகும் பஸ்ஸிலிருந்து மெசேஜ்.
நான் பதில் போடவில்லை.

நடை பழகியது மண்ணில் அல்ல.
ஆகஸ்ட். பால்கனித் தரை தோசைக்கல்.
ஒன்பதாம் மாடி நடைவழியில்
902-இன் செருப்பு அலமாரியிலிருந்து
905-இன் மிதியடிவரை
ஆறு எட்டு.
ஆறாவதில் 905 கதவு திறந்தது.
சிரியாக்கார உம்மு லயான் கை நீட்டி
‘யல்லா’ என்றாள்.
அவள் பேசிய முதல் சொல்லும் அதுதான்.
இரண்டு மாதம் கழித்து,
சோறு ஊட்டத் தாமதித்த என்னைப் பார்த்து.

எண்ணக் கற்றுத்தந்தது லிஃப்ட்.
ஜீ, எம், ஒண்ணு, ரெண்டு.
‘உனக்கு எத்தனை காது?’
தொட்டுத் தொட்டு எண்ணி
‘எம்’ என்றாள்.
நர்ஸரி டீச்சர் கவலைப்பட்டார்.
எனக்கு அதில் தப்பேதும் தெரியவில்லை.
தரைக்கும் ஓர் எண் வேண்டும்தானே.

முன்பல் விழுந்தது வீடியோ காலில்.
ரத்தம் பார்த்து அவர் வாய் திறந்தபோது
படம் உறைந்துவிட்டது.
திறந்த வாயோடு அத்தா ஒரு நிமிடம் நின்றார்.
‘அத்தாவுக்கு எல்லாப் பல்லும் இருக்கு’ என்றாள்.

இப்போது ஆறரை வயது.
போன வருடம்வரை லபன் என்றால்
நெட்டைத் தம்ளருக்கு அடம்.
அதே அளவைக் குட்டையில் ஊற்றினால்
குறைந்துபோனது என்று அழுகை.
அளந்து காட்டியும் நம்பியதில்லை.
இந்த வெள்ளிக்கிழமை
யாரும் சொல்லாமல்
நெட்டையிலிருந்து குட்டைக்கும்
குட்டையிலிருந்து நெட்டைக்கும்
மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தாள்.
மேஜையெல்லாம் லபன்.
‘ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஊத்துனா உசரமாத் தெரியுது.’

தமீமுக்கு அது கரையின் பதினோராம் நாள்.
போனில் எக்ஸ்சேஞ்ச் ரேட் பார்த்துக்கொண்டிருந்தார்.
‘இன்னைக்கு ஏறியிருக்கு’ என்றார்,
சம்பளத்தை ரூபாயில் ஊற்றி
அதன் உயரத்தைப் பார்த்தபடி.
‘இன்னும் ரெண்டு வருஷம் இருந்தாப் போதும்.’
போன வருடமும் ரெண்டுதான்.

அவள் எட்டிப் பார்த்தாள்.
எண்களைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.
ஏதோ சொல்ல வந்து,
பல் விழுந்த இடைவெளியில் நாக்கை வைத்து
நிறுத்திக்கொண்டாள்.
பிறகு
குட்டைத் தம்ளரில் இருந்த லபனை
ஒரு சொட்டுச் சிந்தாமல் நெட்டையில் ஊற்றி
அவர் பக்கம் நகர்த்தினாள்.

‘அத்தாவுக்குத்தான் நெறைய.’

என் பக்கம் திரும்பவே இல்லை.