ஒன்றே முக்கால் கிராம்

வாங்குபவன் எழுதிய கடிதத்தில் குறை ஒன்றே:
பந்து நன்றாகத்தான் போகிறது,
சத்தம் மட்டும் பிஸ்கட் டின்.

சூன் ஹுவாட் மூன்று முறை படித்துவிட்டு
என் மேசையில் அந்த மண்டையை வைத்தான்.
கோல்ஃப் மட்டையின் தலை. நாங்கள் மண்டை என்றே சொல்வோம்.
டைட்டானியம். உள்ளே காலி.
இருநூறு கிராம், அதற்கு மேல் அரை கிராம்கூட
எவரும் தரமாட்டார்கள்.

பாயான் லெப்பாசில் எனக்கு இதுதான் வேலை.
வாழ்நாளில் மட்டையை வீசியதில்லை.
புக்கிட் ஜம்புல் திடலில் ஒரு நாள் ஆட
என் வீட்டின் நான்கு மாத மின்கட்டணம் வேண்டும்.
எனக்குத் தெரிந்தது அடி விழுந்த பிறகு நடப்பது:
பந்து ஒட்டியிருப்பது அரை மில்லி விநாடி,
அது போன பின்னும் உலோகம் விடாமல்
தனக்குள் பேசிக்கொண்டிருப்பது.

திரையில் ஐந்நூறு மடங்கு பெருக்கினால்
அடித்தகடு மூச்சு வாங்குகிறது
கரையில் எறிந்த பேத்தை மீன் போல,
சிவப்பு ஏறி, நீலம் இறங்கி,
விநாடிக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தடவை.
மூவாயிரத்து நானூறைத் தாண்டினால்தான்
காது அதைக் கணீர் என்று ஒப்புக்கொள்ளும்.

விறைப்பு வேண்டும். தடிமன் கூட்டினால் எடை.
ஆகவே உள்ளே ஒரு விலா,
குறுக்காக, நட்டநடுவில்.
ஒன்றே முக்கால் கிராம்.
யாரிடம் கேட்பது?
பின்புறத்து எடைத் திருகில் கைவைத்தேன்:
ஓரத்தில் பட்ட பந்தெல்லாம் காட்டுக்குள் போகும் என்றாள் ஃபௌசியா.
மேல்தகட்டைக் கேட்டேன்:
அரை மில்லிமீட்டருக்குக் கீழே வார்க்க முடியாது
என்றது வார்ப்பாலை, மரியாதையாக, இரண்டு தடவை.
சம்பளத்துக்கு முந்தைய வாரம் போல
எல்லாப் பையிலும் விரல்விட்டுத் தேடி
முகத்தகட்டின் விளிம்பில் சுரண்டி எடுத்தேன்.

மூவாயிரத்து அறுபது.
சூன் ஹுவாட் எதுவும் சொல்லவில்லை.
கோப்பி-ஓ வாங்கிவந்து வைத்தான்.
அது அவன் திட்டுகிற முறை.

அன்று மழை. 401-இல் நின்றபடி வந்தேன்.
சுங்கை நிபோங் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடி
சட்டத்துக்குள் கிடுகிடுக்கத் தொடங்கியது.
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்
உள்ளங்கையை நடுவில் அழுத்தினாள். அடங்கவில்லை.
சட்டத்தோரமாக விரலை இழுத்துக்கொண்டே போனாள்,
கீழே, வலப்பக்கம்,
மூலைக்கு நாலு விரல் முன்னால்
கண்ணாடி வாயை மூடிக்கொண்டது.
டிக்கெட்டை நான்காய் மடித்து அங்கே செருகிவிட்டு
கைப்பேசிக்குள் குனிந்துவிட்டாள்.

நான் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

பேத்தையின் வயிறு நடுவிலா உப்புகிறது?
குதிகால் பக்கம் சாய்ந்தல்லவா உப்புகிறது.
நான்கு மாதமாய்த் திரையில் சிவப்பாய் இருந்தது.
விலாவைச் சாய்த்தேன்,
கருக்கரிவாள் போல் கொஞ்சம் வளைத்தேன்.
ஒன்றேகால் கிராம் போதும் என்றது.
மிச்ச அரை கிராமைத் திருப்பித் தந்தபோது
ஃபௌசியா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்,
கடன் வாங்கியவள் தானாக வந்து கட்டுவதைப்போல.

இப்போது இரவு பதினொன்றரை.
பகலில் அளக்க முடியாது,
விமானங்கள் எங்கள் கூரையை உரசி இறங்கும்.
மெழுகால் ஒட்டிய உணரி,
நூலில் தொங்கும் மண்டை,
என் கையில் சுண்டுவிரல் நீளச் சுத்தியல்.

மூவாயிரத்து நானூற்று எழுபது.
இரண்டாவது அடியும் அதே.
மூன்றாவதன் பாதியில் ஒரு சரக்கு விமானம்,
அது கணக்கில் சேராது.

விலா உள்ளே இருக்கிறது.
அறுத்தாலொழிய எவரும் பார்க்கப்போவதில்லை.
சூன் ஹுவாட் கண்ணை மூடிக்கொண்டு
இன்னொரு தடவை என்றான்.
எண் அவனுக்குத் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்,
திரையைப் பார்க்கவே இல்லை.

அடுத்த விமானம் பதினொன்று ஐம்பதுக்கு.
அதற்குள் நான்கு அடி அடிக்கலாம்.